வேறு கப்பலின் மூக்கு

6

மெட்வே ஆற்றில் நீர் வடிந்து, ‘ட்ரோவர்’ சேற்றில் உட்கார்ந்திருந்தது. போரின்போது வடகடலை மணிக்கு முப்பது மைல் வேகத்தில் கிழித்துக்கொண்டு ஓடிய நாசகாரிக் கப்பல். இப்போது புகைபோக்கி இல்லை, பீரங்கி இல்லை. பின்பக்கத் தகடுகளைப் பாதிவரை உரித்திருந்தார்கள்.

“உரிச்ச கோழி மாதிரி இருக்கு மிஸ்” என்றான் ஜேபஸ் டன்னட். “ஞாயித்துக்கிழமை சமையலுக்கு ரெடி.”

ஹெஸ்டர் பின்னி சிரிக்கவில்லை. போர்க்காலம் முழுவதும் கப்பல் கட்டும் துறையில் வரைபடங்களை நகலெடுத்தவள் அவள். ஆண்கள் போரிலிருந்து திரும்பியதும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் போகவில்லை. கிரேன்ஃப்ளீட் கடைத்தெருவில் தொப்பிக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, துப்பறிவாளர் என்று பலகை மாட்டினாள். ஜேபஸ் அவளுடைய ஒரே உதவியாளன். நாசகாரிக் கப்பல்களின் கொதிகலன் அறையில் ஒன்பது வருடம் வெந்தவன். வாய் மட்டும் வேகவில்லை.

கப்பல் உடைக்கும் தளத்தின் வாசலில் ஐவி மோஸ் நின்றிருந்தாள். கயிறு திரிக்கும் கூடத்தில் வேலை. சட்டைக் கையெல்லாம் நார் ஒட்டியிருந்தது.

“அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன் மிஸ். போர் நினைவுக்கல்லை இன்னிக்கு மூணு மணிக்குப் பார்த்து முடிவு பண்றாங்க. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. இந்த ஊர்ல போருக்குப் போய் செத்தவங்க நாப்பது பேர். கல்லுல முப்பத்தொம்பது பேர் இருக்காங்க.”

நாற்பதாவது ஆள் அவள் கணவன் வால்டர் மோஸ். ட்ரோவரின் சிக்னல்காரன். 1917 மார்ச்சில் ஒரு மூடுபனிக் காலையில் ‘ஹார்ப்பர்’ முன்னே போக, ட்ரோவர் பின்னே போனது. ஹார்ப்பர் திடீரென்று வட்டமடித்துத் திரும்பியது. ட்ரோவர் திரும்பவில்லை. ஹார்ப்பர் அதன் மூக்கை வெட்டியது. முப்பத்தொரு பேர் போனார்கள். திரும்பப்போவதாக மூன்று முறை விளக்கடித்துச் சொன்னேன், ட்ரோவரிலிருந்து பதிலே இல்லை என்று விசாரணையில் சொன்னார் ஹார்ப்பரின் கமாண்டர் எவர்ஷெட். பதில் சொல்ல வேண்டியவன் வால்டர். தூங்கியிருப்பான் என்று எழுதி விசாரணையை மூடினார்கள்.

“பள்ளிக்கூடத்துல என் பொண்ணுக்குப் பேரு தூங்குமூஞ்சி” என்றாள் ஐவி. “ஏழு வயசு. ராத்திரி தூங்க மாட்டேங்குறா. தூங்கினா யாராச்சும் செத்துருவாங்களாம்.”

ஜேபஸ் தரையைப் பார்த்தான்.

“பேரைச் சேர்க்கச் சொல்லி நினைவுக் கமிட்டிக்கு மூணு மனு போட்டேன். அவர் தூங்கினதுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டேன். பாதிரியார்கூட யோசிச்சார். அப்பத்தான், போன வாரம், இந்தக் கப்பல்லேர்ந்து அந்தத் தாளை எடுத்தாங்க.”

தவறு தன்னுடையதுதான் என்று வால்டர் எழுதிய தாள். ட்ரோவரில் சிக்னல் கொடிகளை அடுக்கும் கொடிப்பெட்டிக்குள் இருந்தது. கமிட்டித் தலைவர் கமாண்டர் எவர்ஷெட் அதை எல்லார் முன்னாலும் படித்தார்.

“எழுத்து அவரோடதா?” என்றாள் ஹெஸ்டர்.

“அவரோடதுதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்கு எழுதற எழுத்து இல்ல. எனக்கு எழுதறப்ப சேர்த்துச் சேர்த்து, கோழி கிளறின மாதிரி எழுதுவார். இது தனித்தனியா, பெரிசு பெரிசா. வேலை எழுத்து.”

“வேற என்ன திரும்பி வந்துச்சு, அவரோட சாமான்?”

“ஒண்ணும் வரல மிஸ். ஒரு பொத்தான்கூட வரல.”

ஜேபஸ் நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தபாலில் தொலைந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மூடினான். ஹெஸ்டர் அதற்குள் ஏணியில் ஏறத் தொடங்கிவிட்டாள்.

*

உடைப்புத் தளத்தின் மேஸ்திரி அம்ப்ரோஸ் கிட் புகையிலை மென்றபடி வழி காட்டினார். கப்பலின் முன்பகுதியில், கேப்டன் நிற்கும் திறந்த மேடை. அதன் பின்னால் சிறு சிறு அறைகளாகத் தடுத்த கொடிப்பெட்டி. புறாக்கூடு போல.

“இங்கதான். அடிப்பலகைக்குக் கீழ சொருகி இருந்துச்சு.”

“நீங்களா கண்டுபிடிச்சீங்க?”

“எனக்கெதுக்கு அந்த வேலை? கமாண்டர் வந்தார். பழைய ஆபீசருங்க வருவாங்க, ஞாபகத்துக்கு ஒரு தேக்குத் துண்டு, ஒரு பித்தளை மூடின்னு கேட்பாங்க. இவர் கொடிப்பெட்டியைப் பார்க்கணும்னார். அடிப்பலகை ஆடுதே, கழட்டிப் பாருன்னார். கழட்டினேன்.”

“அவர் தனியா இருந்தாரா, அதுக்கு முன்னாடி?”

“நான் கடப்பாரை எடுக்கப் போனேன்ல?”

“மிஸ்” என்றான் ஜேபஸ். குரலில் விளையாட்டு இல்லை. “நீங்க போற பாதை எனக்குப் புரியுது. வேணாம். கமாண்டர் அப்படிப்பட்ட ஆளு இல்ல.”

“தெரியும். சொல்லியிருக்கே.”

அவன் அதைப் பலமுறை சொல்லியிருந்தான். மோதலின்போதும் அதற்குப் பிறகும் ஜேபஸ் ஹார்ப்பரில்தான் வேலை பார்த்தான். 1918-ல் ஈஜியன் கடலில் ஹார்ப்பர் கண்ணிவெடியில் போனது. நாலு நிமிடத்தில் முழுகிய கப்பல். ஒரு மரத்தட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார் எவர்ஷெட். கை உடைந்த ஜேபஸின் கோட்டுக் காலரை மறுகையால் பிடித்துக்கொண்டார். நாலு மணி நேரம் விடவில்லை. அதே கோட்டைத்தான் ஜேபஸ் இப்போதும் போட்டிருந்தான். காலரில் தையல் விட்டிருந்தது. அவன் அதைச் சரி செய்வதில்லை.

ஹெஸ்டர் கொடிப்பெட்டியைப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, கீழே உரித்த இடத்துக்குப் போனாள். தகடு போன பிறகு கப்பலின் விலாச் சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“ஜேபஸ், உன் பூட்ஸைக் கழட்டு.”

“மிஸ், மார்ச் மாசக் குளிரு.”

“ஒண்ணு போதும்.”

ஒற்றைக் காலில் நின்றபடி கொடுத்தான். அவள் பின்பகுதியில் இரண்டு விலாக்களுக்கு நடுவே பூட்ஸை வைத்து அளந்தாள். ஒரு பூட்ஸ், ஒரு கை. அடுத்த இடைவெளி, ஒரு பூட்ஸ், ஒரு கை. அதற்கு அடுத்ததும் அப்படியே. முன்பகுதிக்கு நடந்தாள். அங்கே ஒரு பூட்ஸ், இரண்டு விரல். அடுத்தது, ஒரு பூட்ஸ், இரண்டு விரல்.

“கப்பல் இளைச்சிருச்சா?” என்றான் ஜேபஸ்.

“நாலு வருஷம் இந்தக் கோடுகளைத்தான் நகலெடுத்தேன். ஒரு கப்பலுக்கு ஒரே இடைவெளிதான். தலையிலேர்ந்து வால் வரைக்கும்.” கிட்டைப் பார்த்தாள். “மேஸ்திரி, விலாவுக்கு அடியில கப்பலோட கட்டுமான எண் குத்தியிருப்பாங்களே?”

“இருக்கும். நாங்க பார்க்கறதில்ல. இரும்பு இரும்புதானே.”

பார்த்தார்கள். பின்பகுதி விலாக்களில் 431. மேடைக்குச் சற்றுப் பின்னால் ஓர் அகலப் பட்டைத் தகடு, இரண்டு வரிசை ரிவிட். அதைத் தாண்டி முன்பகுதியில் எல்லா விலாவிலும் 619.

கிட் புகையிலையைத் துப்பினார். “அடேயப்பா. ரெண்டு கப்பல்.”

“ரெண்டு பாதி” என்றாள் ஹெஸ்டர். “ட்ரோவருக்கு மூக்கு போயிருந்துச்சு. அதே சமயம் துறையில இன்னொரு கப்பல் நின்னிருக்கும், வால் போனது. கண்ணிவெடியில போயிருக்கும். போர் நேரம். ரெண்டையும் தனித்தனியா செய்ய நாள் இல்ல. நல்ல பாதி ரெண்டையும் சேர்த்து ரிவிட் அடிச்சு, ட்ரோவர்னே பேர் வச்சுக் கடலுக்கு அனுப்பிட்டாங்க. வெளிய யாருக்கும் சொல்லல.”

“இவளுக்கு மூக்கு மட்டும் வேற வீட்டுது” என்றான் ஜேபஸ். “எங்க பெரியம்மா மாதிரி.” சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. “அப்ப அந்த மேடை...”

“அந்த மேடையும் கொடிப்பெட்டியும் 619-னோடது. வால்டர் மோஸ் அந்தப் பெட்டியைக் கண்ணாலயே பார்த்ததில்ல. அவர் செத்து எத்தனையோ நாள் கழிச்சு இங்க வந்து சேர்ந்த பெட்டி அது.”

ஜேபஸ் பூட்ஸைப் போட மறந்து நின்றான். “மோதினப்ப மூக்குதான் பிஞ்சுது மிஸ். நான் மேல வந்து பார்த்தேன். மேடை சாய்ஞ்சு நின்னுச்சு. ட்ரோவரை இழுத்துக்கிட்டுப் போறப்பகூட மேடை இருந்துச்சு. அடுத்த வாரம் எங்களை மால்டாவுக்கு அனுப்பிட்டாங்க.”

“சாய்ஞ்ச மேடையையும் சேர்த்துத் துறையில வெட்டி எறிஞ்சிருக்காங்க. மால்டாவுக்குப் போனவங்களுக்கு அது தெரியாது.”

“யாரோ கமாண்டரை ஏமாத்தியிருக்கான்” என்றான் ஜேபஸ் வேகமாக. “தாளை வச்சுட்டு, அவர் கையால எடுக்க வச்சிருக்கான்.”

ஹெஸ்டர் பூட்ஸை அவனிடம் நீட்டினாள். “வா. சாப்பிடலாம்.”

*

விலாங்குமீன் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் இல்லை. ஜேபஸ் உருளைக்கிழங்கு மசியலின்மேல் பச்சை இலைக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தான். தட்டு நிரம்பி வழிந்தது.

“அந்தக் காலையைச் சொல்லு” என்றாள் ஹெஸ்டர். “உனக்குத் தெரிஞ்சதை மட்டும்.”

“எனக்கென்ன தெரியும்? நான் அடியில. ஒரு இடி. விளக்கெல்லாம் அணைஞ்சுது. மேல வந்தா பனி. ஆறு ஏழு நிமிஷம் ட்ரோவர் மூக்கு ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் பிஞ்சுது. அந்த ஆட்டத்துல மேடையில நின்னவங்க எல்லாம் கடல்ல. ஒன்பது பேரைத் தூக்கினோம். கொதிகலனுக்கு மேல இருக்கற கம்பி மேடையில படுக்க வச்சோம், சூடு வரும்னு. வால்டரை நான்தான் பார்த்துக்கிட்டேன். ஈரத் துணியெல்லாம் அறுத்து எடுத்தேன்.”

“பேசினாரா?”

“பல்லு கட்டிருச்சு. ஒரு மணி நேரம்கூட இருக்கல. எண்ணெய்த் துணிக் கோட்டுக்குள்ள ஒரு நோட்டு வச்சிருந்தார், சிக்னல் நோட்டு. அதை மட்டும் விடல. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன்.”

ஹெஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அதை என்ன செஞ்சே?”

“கமாண்டர் இறங்கி வந்தார். அவர் கண்ணெல்லாம் தண்ணி, மிஸ். எந்த ஆபீசர் வருவான் அடித்தளத்துக்கு? நோட்டைக் கொடுத்தேன். ‘இவன் பெண்டாட்டிகிட்ட நானே சேர்த்துடறேன் ஜேபஸ்’னார். அன்னிக்குத்தான் என் பேரே அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுது.”

அவன் சொல்லி முடித்தான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவன்போல அப்படியே இருந்தான்.

“ஒரு பொத்தான்கூட வரலன்னாங்க” என்றான்.

“ஆமா.”

“தபால்ல தொலைஞ்சிருக்கும்.”

“நோட்டுக்குள்ள பார்த்தியா?”

“பென்சில் கிறுக்கல். ஈரம். நமக்கென்ன புரியும்? சிக்னல்காரனுங்க தனி ஜாதி மிஸ். காதல் கடிதம்கூட வரிக்கு அஞ்சு வார்த்தையாத்தான் எழுதுவானுங்க.” பழக்கத்தில் வாய் தானாக ஓடியது. “விளக்குல வர்ற ஒவ்வொரு வார்த்தையையும் வந்தபடியே எழுதணும். அஞ்சு ஆனதும் அடுத்த வரி. எண்ண வசதி. கடைசியில எண்ணி ஓரத்துல நம்பர் போடுவான். அனுப்பினவனும் நம்பர் சொல்வான். ரெண்டும் ஒத்தா சரி.”

“அனுப்பற செய்திக்கும் அப்படியா?”

“அனுப்பறது ஆபீசர் எழுதிக் கொடுக்கறது. சிக்னல்காரன் கையெழுத்துல இருந்தா அது வாங்கின செய்தி.”

“சரி” என்றாள் ஹெஸ்டர். “இதை மூணு மணிக்கு மறுபடி சொல்லு. நான் கேட்கறப்ப.”

ஜேபஸ் தட்டைத் தள்ளி வைத்தான். அவன் சாப்பாட்டை மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

*

கல்தச்சர் பெக்கின் கொட்டகையில் நினைவுக்கல் படுத்திருந்தது. வெள்ளைக் கல். பெயர்கள் ஆங்கில அகரவரிசையில். மெர்சர் என்ற பெயருக்கும் நை என்ற பெயருக்கும் நடுவே ஒரு வரி வெறுமை. அங்கே பென்சிலில் எழுதி ஈரத் துணியால் துடைத்த கறை இன்னும் காயவில்லை.

“இடம் விட்டுத்தான் வச்சேன்” என்றார் பெக், யாரையும் பார்க்காமல். “கல்லுல பின்னாடி நுழைக்க முடியாதுல்ல.”

கமாண்டர் எவர்ஷெட் கல்லின் தலைமாட்டில் நின்றிருந்தார். உயரம். நரைத்த மீசை. ஜேபஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அருகே வந்து, பிய்ந்த காலரை இரண்டு விரலால் இழுத்துவிட்டார்.

“இன்னும் இதைத் தைக்கலையாடா?”

“தைச்சா ராசி போயிடும் சார்.”

பாதிரியார் ஃபிளட் கமிட்டியின் செயலாளர். கடிகாரத்தைப் பார்த்தார். “மிஸ் பின்னி, உங்க கடிதம் வந்தது. அஞ்சு நிமிஷம் தரேன்.”

ஐவி கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை.

ஹெஸ்டர் விலாக்களைச் சொன்னாள். இரண்டு எண்களைச் சொன்னாள். வெட்டி ஒட்டிய மூக்கைச் சொன்னாள். பாதிரியார் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டார். கமாண்டரின் முகம் மாறவில்லை. காலரைத் தொட்ட கை மட்டும் சட்டைப்பைக்குள் போனது.

“எனக்கு இது புதுசு” என்றார். “அப்படின்னா யாரோ அதை அங்க வச்சிருக்கணும். அந்த மேஸ்திரி. பழைய சாமானை ஞாபகப் பொருள்னு விற்கற ஆளு. என்னை நல்லா ஏமாத்திட்டான்.”

“அதான் நானும் சொன்னேன் மிஸ்!” என்றான் ஜேபஸ். மூச்சு விட்டான். கொட்டகையில் வேறு யாரும் மூச்சு விடவில்லை.

“ஆனா எழுத்து மோஸோடதுதான்” என்றார் கமாண்டர் மெதுவாக. “அதை அவர் மனைவியே ஒப்புக்கிட்டாங்க. எங்க கிடைச்சா என்ன? அவன் சொன்னது மாறாது. வருத்தமா இருக்கு, மிஸஸ் மோஸ். நான் அவனைக் குறை சொல்லல. களைச்ச மனுஷன்.”

“தாளைப் பார்க்கலாமா?” என்றாள் ஹெஸ்டர்.

பாதிரியார் உறையிலிருந்து எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். உள்ளங்கை அகலத் தாள். மேல்விளிம்பு கிழிந்திருந்தது. தண்ணீரில் ஊறிக் காய்ந்து சுருங்கியிருந்தது. பென்சிலில், தனித்தனிப் பெரிய எழுத்து.

தவறு என்னுடையது என்னுடையது மட்டுமே இறைவன்
என்னை மன்னிக்கட்டும்

“ஜேபஸ், படி.”

அவன் குனிந்தான். படித்தான். உதடு அசைந்தது. விரல் ஒன்று ஒவ்வொரு வார்த்தையாக நகர்ந்தது. முதல் வரியின் முடிவில் விரல் நின்றது. அதற்குப் பிறகும் தாளில் இரண்டு வார்த்தைக்கு இடம் இருந்தது. ஆனால் வரி அங்கே முடிந்திருந்தது.

“அஞ்சு” என்றான்.

விரல் இரண்டாவது வரிக்குப் போனது. பிறகு, கீழ் ஓரத்துக்கு. நீர்க்கறையின் நடுவே, யாரும் பொருட்படுத்தாத அளவில், ஒரு சின்ன 7.

பெக் உளியைக் கீழே வைத்தார்.

“சொல்லு” என்றாள் ஹெஸ்டர்.

“பாவத்தைச் சொல்றவன் வார்த்தையை எண்ண மாட்டான் மிஸ்.” குரல் அவனுடையதாக இல்லை. “இது வால்டர் சொன்னது இல்ல. வால்டருக்கு வந்தது. விளக்குல வந்தது. வந்தபடியே எழுதி, எண்ணி, நம்பர் போட்டிருக்கார். கப்பல் பிஞ்சுக்கிட்டிருக்கு, அவர் எண்ணிக்கிட்டிருந்திருக்கார்.”

“யார் அனுப்பினது?” என்றார் பாதிரியார்.

“மேல்பாகம் கிழிஞ்சிருக்கு. அங்கதான் அனுப்பின கப்பல் பேர் இருக்கும்.”

“தேவையில்ல” என்றாள் ஹெஸ்டர். “விசாரணையில கமாண்டரே சொல்லியிருக்கார். அந்தக் காலையில கண்ணுக்கெட்டின தூரத்துல ரெண்டே ரெண்டு கப்பல்.”

கமாண்டர் எவர்ஷெட் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஜேபஸ்” என்றார்.

“செய்தியை வாங்கறவங்க எண்ணிக் கீழ நம்பர் போடறது உங்க கண்ணுல பட்டதே இல்லல்ல சார்? உங்களுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவாங்க.”

“ஜேபஸ், நான் சொல்றதைக் கேளு. சிக்னல்காரனைத் தள்ளிட்டு நானே விளக்கை எடுத்தேன். நானே அனுப்பினேன். சொல்லாம திருப்பினது நான். அதை அப்பவே, அந்த நிமிஷமே ஒப்புக்கிட்டேன். யாரும் கேட்கறதுக்கு முன்னாடி. ஆறு நிமிஷம் நான் நல்லவனா இருந்தேன்.”

“அப்புறம் நான் வால்டர் கையிலேர்ந்து நோட்டை எடுத்து உங்ககிட்ட கொடுத்தேன்.”

கமாண்டர் கல்லின்மேல் கிடந்த தாளைப் பார்த்தார்.

“நான் கொடுக்காம இருந்தா சார்?”

“தெரியல. சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ அதை என் கையில வச்சப்போ, கடவுளே வழி விட்டார்னு தோணிச்சு. கிழிக்க நினைச்சேன். மேல மட்டும்தான் கிழிக்க முடிஞ்சுது. செத்தவன் எழுத்து. நாலு வருஷம் என் மேஜையில இருந்துச்சு. இந்தம்மா மனு மேல மனுவா போட்டாங்க. அத்தாட்சி எங்கேன்னு எல்லாரும் கேட்க ஆரம்பிச்சாங்க.”

“அதனால அதையே அவர் கழுத்துல கட்டிட்டீங்க.”

பாதிரியாரின் முகம் கல்லைவிட வெளுத்திருந்தது. அவர் கமாண்டரைப் பார்க்கவில்லை. ஜேபஸைப் பார்த்தார். “மிஸ்டர் டன்னட். இங்க பேசினது நாளைக்கு இல்லன்னு ஆகலாம். நோட்டு மோஸ்கிட்டேர்ந்து கமாண்டர் கைக்குப் போனதைப் பார்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான். சத்தியம் பண்ணி எழுதிக் கொடுப்பீங்களா?”

கமாண்டர் கையை நீட்டினார். பிய்ந்த காலரின்மேல் வைத்தார். இந்தமுறை இழுத்துவிடவில்லை. பிடித்துக்கொண்டார்.

“நாலு மணி நேரம்டா” என்றார், மிக மெதுவாக.

ஜேபஸ் அந்தக் கையைப் பார்த்தான். நரம்பு தெரியும் கை. அன்றைக்கு நீலம் பாரித்து, நடுங்கி, விடாமல் இருந்த கை. அன்று பிடித்ததும் உண்மை என்று அவனுக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

“விட்டுடுங்க சார்” என்றான். “கரை வந்துருச்சு.”

கை விலகியது.

ஜேபஸ் பாதிரியாரிடம் திரும்பினான். “எழுதித் தரேன். எனக்கு எழுத்து வராது. நீங்க எழுதுங்க, நான் கீழ பேர் போடறேன்.”

கமாண்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவருகே ஐவியைத் தாண்ட வேண்டியிருந்தது. அவள் ஒதுங்கவில்லை. அவர் பக்கவாட்டில் திரும்பி, சுவரை உரசிக்கொண்டு போனார்.

பாதிரியார் எழுத உட்கார்ந்தார். ஐவி இப்போதுதான் உள்ளே வந்தாள். கல்லின்மேல் கிடந்த தாளை எடுத்தாள். எழுத்தை அல்ல, அந்தச் சின்ன ஏழைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கார்” என்றாள்.

“ஆமா மிஸஸ் மோஸ்” என்றான் ஜேபஸ். “கடைசி வரைக்கும்.”

அவள் நிமிர்ந்தாள். “அவர் சாகறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க.”

“இருந்தேன்.”

“நீங்க இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் வீடு உங்க தெருவுக்கு அடுத்த தெரு. ஒரு நாள்கூடக் கதவைத் தட்டி, அவர் இப்படிச் செத்தார், கையில ஒரு நோட்டு இருந்துச்சுன்னு சொல்லல.”

முப்பத்தொரு பேரைக் கொன்றவனின் வீடு என்று அந்தக் கதவைத் தாண்டி வேகமாக நடந்த மாலைகள் ஜேபஸின் நினைவுக்கு வந்தன. கமாண்டர் சொல்லிவிட்டார், அதற்குமேல் என்ன என்று நடந்த மாலைகள்.

“ஏன் சொல்லல?” என்றாள் அவள்.

அவன் ஹெஸ்டரைப் பார்த்தான். அவள் காப்பாற்ற வரவில்லை.

“நானும் நம்பினேன்” என்றான்.

ஐவி தலையசைத்தாள். மன்னித்ததுபோல இல்லை. கேட்டுக்கொண்டதுபோல மட்டும். தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நகர்ந்தாள். பெக்குக்கு இடம் விட்டாள். பெக் மண்டியிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து, மெர்சருக்கும் நைக்கும் நடுவே முதல் எழுத்தை வரைந்தார். பிறகு உளியை வைத்தார்.

முதல் அடி விழுந்தது.

வெளியே மார்ச் காற்று. ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ட்ரோவரின் அந்நிய மூக்கு சேற்றிலிருந்து மெல்ல மிதக்கத் தொடங்கியிருந்தது. பாதிரியார் எழுதியதன் கீழே பேர் போட்டுவிட்டு வெளியே வந்த ஜேபஸின் பக்கத்தில் ஹெஸ்டர் வந்து நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஏதாவது சொல்வான். காத்திருந்தாள்.

“என்ன ஜேபஸ்?”

அவன் கோட்டுக் காலரை இழுத்து மூடிக்கொண்டான். பிய்ந்த தையல் வழியாகக் காற்று உள்ளே வந்தது.

“ஊசி நூல் இருக்கா மிஸ்?” என்றான்.

அவள் கைப்பையைத் திறந்தாள்.